லாச்சிக்குள் இருந்த கொப்பி

பிலிமத்தலாவையில் நான் ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி, மின்னஞ்சல், வேலை விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுப்பேன். கண்டியில் நடந்த ஒருநாள் சைபர் பாதுகாப்பு வகுப்புக்கும் போய்வந்தேன். கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். சைபர் பாதுகாப்பு என்றாலே, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து நம் கணக்கை உடைக்கப் பார்க்கும் ஒருவன்தான் என் நினைவுக்கு வருவான். கடைக்கு வருகிறவர்களிடமும் அவனைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தேன்.

சான்றிதழுக்குக் கீழே மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு கொப்பி. அதன் பக்கங்களில் ஊராரின் பாஸ்வேர்டுகள். மின்னஞ்சல் திறந்து கொடுத்தால், "நீங்களே எழுதி வச்சிருங்கண்ணே, எனக்கு ஞாபகம் நிக்காது" என்பார்கள். லாச்சியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடுகண்ணாவைப் பக்கமிருந்து வரும் ஒரு பெண், கண்டியில் ஒரு தனியார் பாடசாலைக்கு ஆசிரியர் வேலை கேட்டு விண்ணப்பித்திருந்தாள். மூன்றாவது தடவை. நான்தான் அனுப்பிக் கொடுத்தேன். சில நாளில் அவளுடைய கணவர் வந்தார்.

"வீட்டுக்காரியோட பாஸ்வேர்ட ஒருக்கா தாங்கண்ணே."

துண்டில் எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் என்ன ஒளிவுமறைவு என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவளே வந்தாள். பாடசாலைக்கு போன் எடுத்துக் கேட்டிருக்கிறாள். அவளைத்தான் தெரிவு செய்திருந்தார்களாம். விருப்பமில்லை என்று அவள் மின்னஞ்சலிலிருந்தே பதில் போனதால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"யாரோ ஹேக் பண்ணிட்டாங்கண்ணே. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, யாருன்னு கண்டுபிடிக்க ஏலுமா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு வந்து கேட்டாரு. நான்தான் குடுத்தேன்."

அவள் கொப்பியைக் கேட்டு வாங்கி, தன் பெயரிருந்த வரியைக் கடதாசி கிழியும்வரை பேனையால் அழித்தாள். பிறகு பாஸ்வேர்டை மாற்றக் கணினிக்கு முன் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் அங்கிட்டு திரும்பிக்கிங்க."

என் கடை, என் கணினி. ஆனாலும் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பினேன். மூக்குக்கு நேரே சான்றிதழ். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை அதைத்தான் வாசித்துக்கொண்டு நின்றேன்.