தூக்கு மாமா லைனில் இருக்கிறார்

நிமாகோ மாமா கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையால் ஒரு டயரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். லைன் பிஸி. மறுபடி அழுத்துகிறார். மறுபடியும் பிஸி. "நாட்டுல எவனுக்கும் வேலைவெட்டி இல்ல. காலங்காத்தால ரேடியோவுக்குப் போன் போடறதுக்குன்னே பொறந்திருக்கானுங்க" என்று முணுமுணுத்துவிட்டு மூன்றாம் முறையும் அழுத்துகிறார்.

குமாசி நகரின் மெக்கானிக் பேட்டையில் அவருக்குப் பழைய டயர்க் கடை. எதிரே என்னுடைய கார்க் கண்ணாடிக் கடை. டயர் அவருக்கு இரண்டாம் தொழில்தான். முதல் தொழில் 'பொதுமக்கள் குரல்' என்ற காலை நிகழ்ச்சியில் பேசுவது. லைன் கிடைத்ததும் எழுந்து நின்றுகொள்வார். "நான் க்வாமே நிமாகோ. சொந்த ஊரு மாம்போங். தொழில் டயர். கடை, கஞ்சிக்காரம்மாவுக்குப் பக்கத்துல." நிகழ்ச்சி நடத்தும் அஃப்ரியே வழக்கம்போலக் கெஞ்சுவாள்: "மாமா, முதல்ல உங்க ரேடியோவைக் குறைங்க. கொய்யுன்னு கத்துது." குறைப்பார், மனசே இல்லாமல். தம் குரல் ரேடியோவில் வருவதைத் தாமே கேட்காவிட்டால் பேசி என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி.

அன்றைய தலைப்பு எதுவானாலும் அவருடைய கருத்து ஒன்றுதான்: தூக்கு. பெட்ரோலில் தண்ணீர் கலப்பவன், காலாவதியான பால் டின்னுக்குப் புது லேபிள் ஒட்டுபவன், விடியுமுன்பே ஒலிபெருக்கியில் ஜெபிக்கும் போதகர், நம் அணிக்குப் பெனால்ட்டி கொடுக்காத நடுவர், யாருக்கும் சலுகை கிடையாது. மத்தியானம் ஃபூஃபூக் களி உள்ளே போன பிறகு போதகருக்கு மட்டும் சில நாள் மன்னிப்பு உண்டு. பேட்டையில் அவரை எல்லோரும் தூக்கு மாமா என்றே கூப்பிடுகிறார்கள். அவருடைய மனைவி செர்வா என்னிடம் சொன்னாள்: "காலையில நாலு பேரையாவது தூக்குல போட்டாத்தான் அந்த மனுசனுக்குக் கஞ்சி இறங்குது. லைன் கிடைக்கலேன்னா அன்னிக்கு என்னைத்தான் போடுவாரு."

"அந்தத் தண்டனையையே சட்டத்துலேருந்து எடுத்துட்டாங்களே மாமா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எடுத்தாங்க. யாரைக் கேட்டு எடுத்தாங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

ஆனால் மாமாவின் தூக்குக்கு முறை உண்டு. நீதிபதி வேண்டும், சாட்சி வேண்டும், மேல்முறையீடு வேண்டும், கயிறுகூட அரசாங்கக் கயிறாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் வேண்டும். "பேரு சொல்ல விரும்பாத நேயர்" என்று ரேடியோவில் யாராவது ஆரம்பித்தால் மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒருத்தனைச் சாகடிக்கணும்னு சொல்றே, உன் பேரைச் சொல்ல வெக்கமா? உன்னையும் போடணும்டா!"

போன சனிக்கிழமை அவர் லைனில் காத்திருந்தபோது பேட்டையின் மறுகோடியில் கூச்சல் கிளம்பியது. நிறுத்தியிருந்த மினி பஸ்ஸிலிருந்து பேட்டரியைக் கழற்றிய ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். முப்பது வயதிருக்கும். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே இழுத்துவந்து போட்டு மிதித்தார்கள். வெல்டர் போவாடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"மாமா, பழைய டயர் ஒண்ணு குடுங்க."

"எந்த சைஸ்?" என்றார் மாமா. வியாபாரி அல்லவா?

"எந்த சைஸா இருந்தா என்ன? இவன் கழுத்துல மாட்டிக் கொளுத்தினா எரியணும், அவ்வளவுதான்." பின்னால் ஒருவன் பெட்ரோல் கேனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

மாமா இருந்ததிலேயே பெரிய டயராக, லாரி டயராக, ஒன்றை எடுத்துத் தாமே உருட்டிக்கொண்டு போனார். "தூக்கு மாமா வந்துட்டாரு! வழி விடுங்கப்பா!" என்று விசில் பறந்தது. டயரைத் திருடனுக்குப் பக்கத்தில் சாய்த்துப் போட்டு, அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த கைபேசியில் அந்த நேரம் பார்த்து லைன் கிடைத்தது.

பெயர், ஊர், தொழில், கடை இருக்கும் இடம், ஒன்றையும் விடாமல் சொன்னார். "அஃப்ரியே, ஒரு பய பேட்டரி திருடிட்டான். இவனைத் தூக்குல போடணும், அதுல மாத்தமில்ல. ஆனா இங்க நிக்கிறவங்க இப்பவே கொளுத்தணுங்கறாங்க. அவங்களும் பொதுமக்கள்தானே? நீயே கேளு." கைபேசியைப் போவாடியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பேரு, ஊரு, தொழில். அப்புறமா தீக்குச்சி."

"என் பேரு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"எனக்குத் தெரியும்டா. போலீஸ்காரனும் ரேடியோ கேக்கறான். உங்கம்மாவும் கேப்பாங்க. தெளிவாச் சொல்லு."

"ஹலோ சார், உங்க பேரு?" என்று அஃப்ரியேயின் குரல் சுற்றியிருந்த கடை ரேடியோக்களிலிருந்தெல்லாம் கேட்டது. போவாடி கழுத்தைச் சொறிந்தான். வெல்டிங் பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு நழுவினான். கைபேசி அடுத்தவன் பக்கம் திரும்பியது. கேன்காரன் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "இது ஜெனரேட்டருக்கு வாங்கினது மாமா." போன் திரும்பிய பக்கமெல்லாம் கூட்டம் கரைந்தது. வாழைக்காய் விற்கும் ஒருத்தி மட்டும் துணிச்சலாகத் தன் முழுப் பெயரையும் சொன்னாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டிருந்தா, அடுப்பை அணைக்கச் சொல்லும்மா" என்றாள்.

போலீஸ் ஜீப் வந்தபோது டயர்மேல் மாமாவும், காலடியில் திருடனும், இந்தப் பக்கம் நானும்தான் மிச்சம். திருடனின் கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டி ஜீப்பின் பின்புறம் உட்கார வைத்தார்கள். உதடு கிழிந்திருந்தது. அவன் என்னவோ சொல்லப் பார்த்தான். நாக்கு ஒட்டிக்கொண்டு சத்தம் வரவில்லை.

மாமா விடுவதாக இல்லை. ஜீப் வரைக்கும் பின்னாலேயே போய்த் திட்டினார். "பேட்டரியாடா திருடறே, பேட்டரி! உன்னைத் தூக்குல போடாம ஓயமாட்டேன். நாளைக்கும் பேசுவேன், நாளன்னிக்கும் பேசுவேன். கயிறுதான்டா உனக்கு!" சொல்லிக்கொண்டே, கஞ்சிக்காரம்மாவின் வாளியிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டை எடுத்து, மூலையைப் பல்லால் கடித்துத் துப்பி, அவன் மோவாயை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை பிழிந்து ஊட்டினார்.