சுகர் குறைந்தால் பை நின்றுவிடும்

டாக்டர் மருந்துச் சீட்டில் குதிரைவாலி அரிசி என்று எழுதிக் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். குதிரைவாலி, பாசிப்பயறு, முட்டை, முருங்கைக்கீரை, நிலக்கடலை. அடியில் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. இதைக் கொண்டுபோய் ஒரு மளிகைக் கடையில் நீட்டினால் பதினைந்து நாளுக்கு ஒரு பை தருவார்களாம். காசு வேண்டாமாம். சுகர் இருந்து, வீட்டில் சாப்பாட்டுக்கும் திண்டாடுகிறவர்களுக்கு மட்டும் என்று அந்த இலவச ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். என் வீட்டுக்காரர் போகிற விசைப்படகு கரையில் கட்டிக் கிடந்தது. நான் கருவாட்டுக் களத்தில் மீன் கீறி உப்புப் போடுகிறவள். நாட்டுப்படகுகள் கொண்டுவருகிற கொஞ்ச மீனுக்கு எல்லோருக்கும் வேலை கிடைக்காது. பதினொன்றாம் வகுப்புக்குப் போகப்போகிற மகளையும் சேர்த்து வீட்டில் மூன்று வயிறு. பை தேவைதான். அதற்காக நம்பிவிட முடியுமா?

"ஏளா, சும்மா எவன் குடுப்பான்? புது மருந்து எதையும் அதுல கலந்து நம்ம மேல போட்டுப் பாக்கானோ என்னவோ" என்றார் வீட்டுக்காரர்.

முதல் பையில் வந்த குதிரைவாலியைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டேன். இரண்டு நாள் கழித்தும் அது என் வாசலில் வந்து நின்று இன்னும் கேட்டது. அதன்பிறகுதான் உலை வைத்தேன்.

ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் நர்ஸ் விரலில் குத்தி, வருகிற நம்பரை ஒரு நோட்டில் எழுதுவாள். என் பெரிய சந்தேகம் அந்த நோட்டின் மேல்தான். "குறைஞ்சா நல்லதுக்கா" என்று சிரிப்பாள். யாருக்கு நல்லது? குறைந்துவிட்டது, இவளுக்கு இனி எதற்குப் பை என்று நிறுத்துகிறவர்களுக்குத்தானே நல்லது!

நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை. வெள்ளம் வந்த வருஷம் பட்டு அனுபவித்தவள். இடுப்பளவு தண்ணீர் வடிந்ததும், ஆள் இருக்கிற வீடு இப்படியா கிடப்பது என்று விடிய விடியச் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டேன். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே, "இங்கன ஒண்ணும் பெரிய பாதிப்பில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். சேற்றை அப்படியே போட்டுவைத்த அடுத்த வீட்டுக்கு நிவாரணம் முழுசாகக் கிடைத்தது. நன்றாக இருக்கிறோம் என்று காட்டினால் கொடுக்கிற கை மடங்கிவிடும். அன்றைக்கு அதை நன்றாகப் படித்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை நம்பர் இறங்கியது. நர்ஸ் நோட்டை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போச்சு, மாதாவே, இதோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை போகும்போது பஸ் ஸ்டாப் டீக்கடையில் சீனி தூக்கலாக இரண்டு டீ குடித்தேன். சீனிமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி நடந்துகொண்டே தின்றேன். நம்பர் எகிறிவிட்டது. நர்ஸின் முகம் மாறியது.

"அக்கா, பைய நீங்கதான் சாப்பிடுதியளா, இல்ல யாருக்கும் வித்திருதியளா?"

"யாரப் பாத்து என்ன கேக்க?" என்று சத்தம் போட்டேன். பாதி உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்காக வந்தது. விற்கவில்லை. ஆனால் முட்டையும் பயறும் மகளுக்கும் அவருக்கும் போகும். எனக்குக் குதிரைவாலிக் கஞ்சி, அதுவும் அரை வயிறு. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். எனக்குப் பரம சந்தோஷம். பை உறுதியாகிவிட்டதே!

தடை முடிந்து படகுகள் போயும் மீன்பாடு சரியில்லை. அதனால் நானும் விடவில்லை. இன்னும் இரண்டு தடவை இனிப்புத் தின்றுவிட்டுப் போனேன். மாத்திரை மறுபடியும் கூடியது.

அதற்கு மறுநாள் மதியம் களத்தில் மீன் கீறிக்கொண்டிருந்தபோது கை நடுங்கிக் கத்தி நழுவியது. வேர்த்து ஊற்றியது. பக்கத்தில் இருந்தவள், "ஏளா, என்னளா செய்யுது?" என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் வீட்டிலும் சுகர்க்காரர் உண்டு. கடையிலிருந்து சீனித்தண்ணீர் கரைத்து வாங்கிவந்து புகட்டினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவள்தான். மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடிவந்து கட்டில் ஓரம் நின்றாள்.

நர்ஸ் மறுபடி மறுபடி விரலில் குத்திப் பார்த்தாள். "நேத்து அவ்வளவு ஏறிக் கெடந்தது, இன்னைக்கு எப்படிக்கா இப்படி இறங்கும்?"

சொல்லிவிட்டேன். டீ, சீனிமிட்டாய், எல்லாம்.

"எதுக்குக்கா?"

"கொறஞ்சா பைய நிறுத்திருவியள்லா."

நர்ஸ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "கொறையணும்னுதானக்கா பையே குடுக்கோம். கொறஞ்சாலும் உண்டு. நீங்க காட்டுன நம்பர நம்பித்தான டாக்டர் மாத்திரைய கூட்டுனாங்க? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா சிஸ்டர்?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டியளா?"

எரிச்சலாக வந்தது. கேட்டிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா என்ன? மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த பரிசோதனை நாளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு கிளம்பினாள். டீக்கடைப் பக்கம் என்னை நடக்கவிடாமல் ரோட்டின் மறுபக்கமாகக் கூட்டிவந்தாள். நர்ஸ் என்னைக் கூப்பிட்டதும், வரிசையில் அத்தனை பேர் பார்க்க, வழியை மறித்து நின்றாள்.

"எம்மா, வாயத் தொற."

"எதுக்குளா? ஆளுக பாக்காவ."

"பாக்கட்டும். தொற."

திறந்தேன். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கன்னத்து இடுக்கெல்லாம் பார்த்தாள்.

"நாக்கத் தூக்கு" என்றாள்.

தூக்கிக் காட்டினேன்.