உளுந்து பரப்பிய ரோடு

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியபோது, அதிகம் பேச வேண்டியிராத ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். அங்கே பல வருடங்கள் ஒரு கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டிகள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அந்த வேலை என் சுபாவத்துக்குப் பொருந்தியது.

அறந்தாங்கியில் ஒரு உரக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பன்னிரண்டாம் வகுப்பு படித்திருந்தால் போதும் என்று என் மனைவியின் தம்பி வந்து சொன்னான்.

"போன்ல பேசணுமா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"பேச வேணாம் மச்சான். படத்தப் பாத்துக் கட்டம் போடணும், கலர் அடிக்கணும். அம்புட்டுதான்."

கீரமங்கலத்தில் எங்கள் வீட்டில் அன்று இதுதான் பேச்சு. "ஜோசியக்காரருதான் கட்டம் போட்டுக் காசு வாங்குவாரு. இப்ப நீங்களுமா?" என்றாள் மனைவி.

சேர்ந்த பிறகுதான் வேலை புரிந்தது. ஓடுகிற கார்களின் முன்கண்ணாடியிலிருந்து எடுத்த சாலைப் படங்கள் வரும். லாரி, மாடு, சைக்கிள், குறுக்கே வரும் ஆள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். வண்டி போகக்கூடிய இடத்துக்குப் பச்சை, போகக் கூடாத இடத்துக்குச் சிவப்பு. இப்படி நாங்கள் அடையாளம் காட்டக் காட்ட, தானாக ஓடும் வண்டிக்கான மென்பொருள் சாலையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். என்னுடன் இருந்தவர்கள் பெரும்பாலும் பட்டப்படிப்பு முடித்த இளம் பெண்கள். எனக்கு ஜன்னலோரம் ஒரு மூலை கிடைத்தது. கீழேயிருந்து யூரியா வாடை ஏறி வரும். காலையில் தலையசைப்பேன், மாலையில் தலையசைப்பேன். அவ்வளவுதான் என் பேச்சு.

சில மாதங்கள் நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் எங்கள் டீம் லீடர் எல்லோரையும் கூப்பிட்டது. திருமயத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் பெண் அது.

"இனிமே கட்டம் போடுறது, கலர் அடிக்கிறது எல்லாத்தையும் மெஷினே முதல்ல பண்ணிரும். அது பண்ணது சரியான்னு பாக்குறதுக்குத்தான் ஆளு வேணும். அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. பாஸானவங்க செக்கிங்குக்குப் போவாங்க. மத்தவங்களுக்கு இந்த ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்து என்னன்னு என்னால சொல்ல முடியாது."

"டெஸ்ட்டு மட்டும்தானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாராவாரம் தலைமை ஆபீஸ் மீட்டிங்ல பேசணும். எது தப்பு, ஏன் தப்புன்னு வெளக்கிச் சொல்லணும்."

அதைக் கேட்டதும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. அவள் நடந்ததையும் பேசியதையும் போனில் பார்த்து வளர்த்தவன் நான். இனி விமானம் ஏறுவதில்லை என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். இந்த வேலை போனால் நம் பக்கத்தில் என்னைப் போன்றவனுக்கு அடுத்து இருப்பது விசாதான். ஆகவே அந்த டெஸ்ட்டை எழுதியாக வேண்டும். ஆனால் பெயர் கொடுக்கக்கூட வாய் வரவில்லை. இரண்டு நாள் லீடரின் மேசை வரை போய்விட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரம்தான் உளுந்துப் படங்கள் மொத்தமாக வந்தன.

அறுவடை நாளில் உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஒதுங்கிப் போகிற டிரைவருக்கு நாமே கையைக் காட்டி, அதன்மேல் ஏற்றிப் போகச் சொல்வோம். அப்படி உளுந்து பரப்பிய ரோடுகள் அந்தப் படங்களில் நிறைய இருந்தன. நான் எல்லாவற்றுக்கும் பச்சை அடித்தேன். யாரும் யாரையும் கேட்கவில்லை. மாடியில் இருந்த அத்தனை பேரும் பச்சைதான் அடித்திருந்தோம்.

தப்பு என்று மொத்தமும் திரும்பி வந்தது. நாளைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள், ஒருவர் காரணம் சொல்ல வேண்டும் என்றது லீடர். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீங்கதான் வயல் வரப்பெல்லாம் பாத்தவுக."

"ஆமாண்ணே. நாங்க பேசுனா திட்டுவாங்க. நீங்க பெரிய மனுசரு."

மாட்டேன் என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே. பேசாமல் இருந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் தோட்டத்தில் முல்லைப் பூப் பறிக்கும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் செடியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஏங்க, அது பச்சையின்னா, போன வருசம் பைக்கு வழுக்கி நான் விழுந்தது எதுலயாம்?"

அவள் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று வண்டியை ஓட்டியவன் நான்தான். பஸ் போகிறதே, நாம் போனால் என்ன என்று ஏற்றியிருந்தேன்.

பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் ஒரு பெண் முகம், நிதானமான குரல்.

"சொல்லுங்க சார். எல்லாரும் ஒரே மாதிரி பச்சை போட்டிருக்கீங்க. ஏன்?"

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஊர்ல... வண்டி ஏறணும்னுதாங்க அதப் பரப்புறதே. பஸ்ஸு ஏறுனாத்தான் உளுந்து உதிரும்."

"ஓ. அப்ப அது ரோடுதான்னு சொல்றீங்களா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "ஆமான்னு சொல்லுங்கண்ணே" என்று கிசுகிசுத்தாள். ஆமாம் என்றால் ஒருவேளை விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் வேலை மிச்சம்.

"இல்லைங்க," என்றேன். "பஸ்ஸு போகும். பைக்கு வழுக்கும். என் வீட்டுக்காரம்மாவே அதுல விழுந்துருக்காங்க. பாத்துப் பாத்துப் பழகுனதால பச்சையின்னு போட்டுட்டோம். தப்புதாங்க. பூராத்தையும் செவப்பா மாத்திக் குடுத்துடுறோம்."

"சரி சார். நன்றி."

அந்த அம்மா அழைப்பை முடிக்கப் போவது தெரிந்தது. இப்போது விட்டால் மறுபடி வாய் திறக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"இன்னொன்னுங்க. செக்கிங் டெஸ்ட்டுக்கு எம்பேரையும் சேத்துக்கங்க."

"அதுல வாராவாரம் இப்படிப் பேசணுமே சார். பரவாயில்லையா?"

"பேசுவேங்க."

திரை அணைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது.

"அண்ணனுக்குக் குரல் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்," என்றாள் கிசுகிசுத்தவள். "ஆனா பூராத்தையும் மாத்துறோம்னு சொல்லிட்டீங்களே. எங்க கை என்னத்துக்கு ஆகும்?"

அவள் மாற்ற வேண்டிய படங்களில் பாதியை நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒரு உதவி கேட்டேன். செக்கிங் விதிகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கத்தை நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே அர்த்தம் சொல்வாள். வீட்டுக்குப் பைக்கில் போகும்போது அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன். தென்னந்தோப்பில் காய் பொறுக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை.

முதல் டெஸ்ட்டில் தேறவில்லை. அடுத்த மாதம் மறுபடி எழுதித் தேறினேன். அவளும் தேறினாள். மூன்று பேர் தேறாமல் வேலையை விட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி இப்போது கீழே உரக்கடையிலேயே பில் போடுகிறாள். தினமும் படியேறும்போது பார்த்துக்கொள்கிறோம்.

செக்கிங் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்தில் ஒரு படம் வந்தது. மெஷின் தானாகவே கலர் அடித்து அனுப்பிய படம். தார் ரோடு, வலது பக்கம் புளியமரம், இடது பக்கம் நீளமாக உளுந்துச் செடி. உளுந்தின்மேல் அழகாகப் பச்சை அடித்திருந்தது. முந்தைய மாதங்களில் ஒன்றிரண்டாக வந்து, நாங்கள் பச்சை அடித்து, யார் கண்ணிலும் படாமல் போன படங்களிலிருந்து அது கற்றிருக்க வேண்டும். எங்கள் மாடியில் கற்ற பாடம்தான்.

அதைச் சிவப்பாக மாற்றினேன். பிறகு தேடினேன். அதே மாதிரி இன்னும் பல வந்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, வாரக் கூட்டத்துக்குக் காத்திருந்தேன்.

கூட்டம் தொடங்கியது. யாராவது முதலில் பேசட்டும் என்று திரையில் எல்லா முகங்களும் அமைதியாக இருந்தன. நான் மைக்கைத் திறந்தேன்.

"நான் சொல்றேங்க," என்றேன்.