ஜூலையை நவம்பர் ஆக்கினேன்

"இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்." எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையின் கடைசி வரி இது. எனக்கும் அமலிக்கும் மூன்றாம் ஓலை வாசித்த அன்று, என் மகளிடம் நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

பொய் ஒரு மாதத்தைப் பற்றியது. மாதம்தானே என்று நினைப்பீர்கள். இந்தப் பங்கின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவன் நான். ஒரு ஞானஸ்நானத் தேதியைச் சரிபார்க்கக் கூடலூரிலிருந்து தேனிவரை பஸ் ஏறிப் போனவன்.

உண்மை இதுதான். என் மனைவி புஷ்பம் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் படுத்திருந்து, ஒரு பிப்ரவரியில் இறந்தாள். அமலியிடம் நான் முதன்முதலில் பேசியது அதற்கு முந்தைய ஜூலையில்.

கல்லறைத் தோட்டத்தில் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். அமலி தன் கணவரின் குழிமேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் குமுளி மலைச்சாலையில் கவிழ்ந்தபோது இறந்தவர் அவர். அதே தோட்டத்துக்கு இப்போது அவளும் ஜீப்பில்தான் போகிறாள். ஞாயிறு மட்டுமே ஓய்வு.

"பேரு எழுதுறீகளா சார்? கல்லு வைக்காதவுகளையும் எழுதுவீகளா?" என்றாள்.

எழுதினேன். அடுத்த ஞாயிறும் போனேன், எழுத ஒன்றும் இல்லாதபோதும். பேச்சு மட்டும்தான்... பெரும்பாலும் புஷ்பத்தின் நோயைப் பற்றித்தான். ஆனால் சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்தேனே, அது எதற்காக?

புஷ்பத்தின் வருடப் பூசை முடிந்து சில மாதம் கழித்துத்தான் கல்யாணப் பேச்சை எடுத்தேன். முதல் ஓலை அன்று கோயில் வாசலில் பக்கத்து வீட்டு அந்தோணி கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன சார், வரலாறு எழுதப் போயி நீங்களே வரலாறு ஆயிட்டீக?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மூன்றாம் ஓலைக்குத் தேனியிலிருந்து மகள் ஜெசி வந்தாள். பூசை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா கேக்கேன். அம்மா இருக்கப்பவே பழக்கமா? ஆமான்னா சொல்லிருங்க. தடுக்க மாட்டேன். ஆனா கல்யாணத்துக்கு வர மாட்டேன்."

"இல்லம்மா. போன கல்லறைத் திருநாளுக்குத்தான் மொதமொத பேசுனோம்" என்றேன். ஜூலையை நவம்பர் ஆக்கினேன். வருடத்தையும் ஒன்று தள்ளினேன்.

ஜெசி வந்தாள். அமலிக்கு அவளே தலையில் பூ வைத்தாள். இன்று வாய் நிறைய சித்தி என்கிறாள்.

போன ஈஸ்டருக்கு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெசி சொன்னாள்: "எங்கம்மா படுத்திருந்த ரெண்டு வருசமும் எங்களத் தவிர ஒருத்தர் முட்டி போட்டு ஜெபம் பண்ணல சித்தி." வாரம் தவறாமல் புஷ்பத்துக்காக முழந்தாளிட்டவள் அமலி. எனக்குத் தெரியும். அவள் குனிந்து குழம்பு ஊற்றினாள்.

ஜெசி ஊருக்குப் போன பிறகு அமலி என்னிடம் கேட்டாள். "நாம என்ன தப்பு செஞ்சோம்னு மறைச்சீக? மறைச்சதால தப்பா ஆயிருச்சு. பொய் சொன்னது நீங்க. வாயில்லாம நிக்கிறது நானு."

பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் மகளிடம் போய்ச் சொல் என்பார் சாமியார்... அந்தப் பயம்தான்.

இன்னும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புஷ்பம் உயிரோடிருந்த கடைசிக் கல்லறைத் திருநாளில், கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "மெழுகுதிரி கூட ரெண்டு வாங்கிக்கங்க. அந்த ஜீப்பு விபத்துல போனாரே, அவரு குழியிலயும் பொருத்திட்டு வாங்க."

அவரைப் பற்றி நான் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. விபத்து ஊரறிந்தது, இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கலாம். அல்லது ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாரேனும் அவள் காதில் போட்டிருக்கலாம். அவளைப் பார்க்க வந்துபோன பெண்களிடம் சுற்றிவளைத்து விசாரித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புஷ்பத்துக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. ஜெசிக்குத் தெரியாது என்பது மட்டும் உறுதி.