அமெர்லியின் கன்னங்கள்

மருத்துவமனை அட்டையில் இப்படி இருக்கிறது: அமெர்லி டாகோ. பெண். வயது ஐம்பத்தொன்று. தொழில்: இல்லத்தரசி. உடலுழைப்பு: இல்லை. தோற்றம்: நல்ல ஊட்டம்.

இந்த அம்மாளை எங்கள் கடலோர ஊரான டெஷியில் யாருக்கும் தெரியாது. கடற்கரைக்குப் போகிற வழியில் கென்கி விற்கும் அமெர்லி என்றால் ஆடுகூட வழி காட்டும். கென்கி செய்ய, புளித்த சோள மாவை ஆளுயரத் துடுப்பால் கிண்ட வேண்டும். பாதி வெந்ததை உருட்டி, காய்ந்த சோள மடலில் இறுக்கிச் சுற்றி, மடல் நுனியை விரலால் உள்ளே செருகி, மறுபடி அவிக்க வேண்டும். செருகல் தளர்ந்தால் அண்டாவில் கஞ்சிதான் மிஞ்சும். அந்தக் குடும்பமே அமெர்லியின் விரல் நுனிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முடக்குவாதம் அந்த விரல்களைப் பிடித்தது.

விடியும்போது கை மூடியது மூடியபடி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்துத் திறப்பாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். கை திறந்தது. கூடவே கன்னமும் உப்பியது.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் 'குண்டாயிட்டியே' என்றால் அவள் நன்றி சொல்வாள். கென்கிக்காரிக்குக் கன்னம்தான் விளம்பரப் பலகை. ஒல்லியாக இருந்தால், தன் சமையலைத் தானே தின்னாதவள் என்பார்கள். இல்லாவிட்டால் வெளியே சொல்ல முடியாத நோய்க்காரி என்பார்கள். ஆக, நோய்க்கு மருந்து தின்னத் தின்ன அமெர்லியின் வியாபாரம் செழித்தது. அவள் புருஷன் அஷிட்டே வீட்டுச் செலவுக்கு எதுவும் தருகிற வழக்கம் இல்லாதவன். கன்னங்களுக்கான பாராட்டை அவன்தான் வாங்கிக்கொண்டான்.

பிறகு தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் அடங்கவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போனாள்.

"சர்க்கரை எகிறியிருக்கும்மா," என்றார் டாக்டர் குவேனர்.

"நான் சர்க்கரையே தொடறதில்ல, டாக்டரம்மா."

"நீங்க தொட வேண்டாம். மூட்டுல இருக்கற அழற்சி மூட்டோட நிக்காது, உடம்பு முழுக்கப் புகையும். அதுலயே சர்க்கரை ரத்தத்துல தேங்கும். நீங்க சாப்பிடற மாத்திரை, உடம்பு தானா சுரக்கற ஒரு ஹார்மோன் மாதிரி. புகைச்சல அடக்கும். ஆனா சர்க்கரைய ஏத்தும்."

"அப்ப சாப்பிட்டாலும் சர்க்கரை, சாப்பிடலேன்னாலும் சர்க்கரை."

"கிட்டத்தட்ட," என்ற மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. அமெர்லிக்கு வரவில்லை.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்ததில் உடம்பு சொந்தமாகச் சுரக்கிற வேலையை விட்டிருக்கும். படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாரம் ஒருமுறை சாப்பிட வேறு மருந்து உண்டு. அது வேலை செய்யச் சில மாதம் ஆகும். அதுவரை விரல் வீங்கும், கன்னம் வற்றும். இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்த அமெர்லிக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மாவு புளித்துவிட்டதா என்று மோந்து பார்த்தாள். ஹோமோவோ முடியட்டும் என்று பழைய மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஹோமோவோ எங்களுக்குப் பசியைக் கேலி செய்கிற திருநாள். குடும்பமே ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிடும். நாத்தனார் டெடெய் தன் மகள் கோர்க்கோயோடு வந்திருந்தாள். கோர்க்கோய்க்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல பெண், ஒல்லி.

"அண்ணி, அந்த மாத்திரை பேரச் சொல்லுங்க. ஒளிக்காதீங்க, நீங்க மாத்திரை வாங்கறத மருந்துக்கடைக்காரர் உளறிட்டாரு. கல்யாணத்துக்குள்ள இவ கன்னத்துல கொஞ்சம் சதை வைக்கணும். இப்படியே அனுப்பினா, நாங்க பட்டினி போட்டோம்னுல்ல சொல்லுவாங்க."

முற்றத்தில் பாதித் தெரு இருந்தது. பாதித் தெருவும் அவளிடம் கென்கி வாங்குகிறவர்கள். சட்டியிலிருந்து அமெர்லி கையை எடுத்தாள்.

"இது சதையில்ல, டெடெய். மருந்து வீக்கம். கையில வாதம். இப்ப சர்க்கரையும் வந்திருச்சு. பொண்ணுக்கு இது வேண்டாம்."

"எல்லாரும் இருக்கறப்ப என்ன பேச்சு?" என்றான் அஷிட்டே. "அது நான் போட்ட சோறு."

"நீங்க போட்ட சோறா இருந்தா எப்பவோ வத்தியிருப்பேன்."

யாரோ சிரித்தார்கள். டெடெய் சிரிக்கவில்லை. "தர மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க அண்ணி. எதுக்கு வியாதிய இழுக்கறீங்க?" என்றவள், மறுநாள் தானே போய் மாத்திரை வாங்கினாள். கோர்க்கோய் அதை விழுங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒல்லியாகவே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

திருநாள் முடிந்து மாத்திரை குறையக் குறைய அமெர்லியின் கன்னம் வற்றியது. வாடிக்கைக்காரர்களில் பலர் அடுத்த சந்தில் கொழுகொழு என்றிருந்த வேறொருத்தியிடம் போனார்கள். அவள் கென்கி உதிரும் என்பது அவர்களுக்கும் தெரியும். விரல் வீங்கிய நாளில் மடலைச் செருக ஒரு பொழுது போதவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, முழுக்க இறங்கவில்லை. அட்டையில் இன்னமும் 'நல்ல ஊட்டம்' என்றே இருக்கிறது.

அமெர்லி மருத்துவர் சொன்னபடி மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கட்ட முடிந்த அளவு கென்கி கட்டி விற்றாள்.