நான் மட்டும் சொல்லக் கூடாத பெயர்

என் மகளுக்கு ஒரு பெயர் உண்டு. பெற்ற நான் மட்டும் அதைச் சொல்லக் கூடாது.

என் கணவர் வீட்டார் கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். அங்கே மூத்த பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கமே. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், தலை சுற்றும். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே வேறொரு பெயரை ஆசை ஆசையாக மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா பேருதான் வெக்கோணும், விடு" என்று கணவர் பேச்சை முடித்துவிட்டார்.

ஆபீசில் மேனேஜரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் நான். பெற்ற பிள்ளையைக் கூப்பிட வழியில்லை என்றால் எரிச்சல் வராதா? நாங்கள் குடியிருக்கும் விஜயநகரில் பக்கத்து வீட்டம்மா "மகு ஹெசரேனு?" என்று குழந்தையின் பெயரைக் கேட்டால், கணவர் உள்ளேயிருந்து வந்து சொல்ல வேண்டும். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சரி, மற்றவர்களாவது கூப்பிட்டார்களா? கணவருக்கு அம்மாவின் பெயரைச் சொல்லி அதட்ட வாய் வரவில்லை. மாமியாருக்குத் தன் பெயரைத் தானே கூப்பிடக் கூச்சம். எல்லோருக்கும் அவள் 'பாப்பா'. இதற்காகவா நான் ஆசைப்பட்ட பெயரை விட்டுக்கொடுத்தேன்!

வரமகாலட்சுமி பண்டிகைக்கு முந்தின நாள், மாமியார், பாப்பா, நான் மூவரும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனோம். மாமியார் எதிர்க் கடையில் சேவந்திப் பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பையைத் தூக்க ஒரு நிமிஷம் கையை விட்டேன், பாப்பாவைக் காணோம். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். யார் யார் வீட்டுக் குழந்தைகளோ திரும்பின. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் பெயரை அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன்.

"என்ன கண்ணு?" என்று எதிர்க் கடையிலிருந்து குரல் கொடுத்தார் மாமியார்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் மகள் திரும்பினாள். எனக்கு நாலடி தள்ளி, குங்குமக் குவியலுக்கு முன்னால் நின்றிருந்தாள். நான் அவள் பெயரைக் கத்தியது காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

ஆட்டோவில் மாமியார் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்கம்மா போனதுக்கப்புறம் ஆரும் என்னைய அந்தப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இனி நீ அப்பிடியே கூப்புடு கண்ணு. புள்ளைக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

மறுநாள் காலை, தோசை வார்த்துக்கொண்டே மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வீட்டுக்குள் அதுதான் மூன்று வருஷத்தில் முதல் தடவை.

அவள் கூடத்துக்கு ஓடினாள்.

"அப்பத்தா, அம்மா உன்னையக் கூப்புடறாங்க!"