ஹினாட்டா வீட்டின் முறை

இதை எழுதுவதால் என் குடும்பத்துக்குப் பெருமை எதுவும் வரப்போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். எங்கள் குரோஸே வீட்டார் பொய் சொன்னதாக இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பேசியதில்லை. இப்போது பேசவும் ஆளில்லை.

எங்கள் ஊர் ஜப்பானின் ஷிமானே மலைக்குள் இருக்கிறது. மேலே குளம், கீழே படிப்படியாக வயல்கள். மதகுப் பலகை தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டின் பொறுப்பு. தண்ணீர் விடும் நாளில் மதகில் நின்று ஒவ்வொரு வீட்டின் பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும். கீழேயிருந்து "ஓய்" என்று பதில் வந்தால் அந்த வீட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர். வராவிட்டால் அடுத்த வீடு. பலகையைப் பிடிக்கும் வீடு கடைசியில்தான் எடுத்துக்கொள்ளும். அது எங்கள் கௌரவம்.

மற்ற வீட்டார் எல்லாரும் ஒசாகாவுக்குப் போய்விட்டார்கள். தாங்களும் நடுவதில்லை, பிறருக்கும் கொடுப்பதில்லை. என் தம்பி மகன் ஷூஹெய் மட்டும் போகவில்லை. கூடப் படித்தவர்கள் பஸ் ஏறினார்கள். இவன் பழைய டிராக்டர் ஒன்று வாங்கினான். என் முட்டி போன பிறகு எங்கள் வயல் அவன் கையில்தான் இருந்தது. போன ஜூன் வரை இந்த ஊரில் நாற்று நின்ற வயல் அது ஒன்றுதான்.

பக்கத்து ஹினாட்டா வயலையும் அவனுக்காகக் கேட்டுப் பார்த்தேன். அந்த வீட்டு மூத்தவன் மித்சுவோ தொலைபேசியில் இருமிக்கொண்டே, "புல்லு முளைச்சாலும் அது எங்க புல்லு" என்றான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு அந்த இருமல். ஒன்று நீளம், இரண்டு குட்டை.

போன ஜூனில் மழை இல்லை. நாற்று நுனி கருகத் தொடங்கியது. குளத்தின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். இந்த நடவும் போனால் கார் தொழிற்சாலைக்குப் போய்விடுவதாக ஷூஹெய் சொன்னான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன்.

"ஆளில்லாத வீட்டையெல்லாம் எதுக்குப் பெரியப்பா கூப்பிடுறீங்க? நேரா எனக்குத் திறந்துவிடுங்க."

"முறைன்னா முறை. கூப்பிடுவேன். பதில் வராது. அப்புறம் உனக்குத்தான்."

"போன் பண்ணினாலே எடுக்காத ஆளுங்க," என்று சிரித்தான். "கூப்பிடுங்க, கூப்பிடுங்க."

மாலை ஆறரை. மூடுபனி இறங்கியிருந்தது. ஷூஹெய் கீழே போய் நின்றான். எனக்கு அவன் தெரியவில்லை.

"ஹினாட்டா!"

தவளைகள் கத்தின.

"ஹினாட்டா!"

தவளைகள் நின்றுவிட்டன. எல்லாம் ஒரே நேரத்தில்.

"ஹினாட்டா..."

"ஓய்."

மெல்லிய குரல். பிறகு இருமல். ஒன்று நீளம். இரண்டு குட்டை.

பலகையைத் தூக்கினேன். பதில் சொன்ன வீட்டுக்கு குரோஸே தண்ணீர் மறுத்தான் என்ற பேச்சு வரக்கூடாது. தண்ணீர் ஹினாட்டா வாய்க்காலில் இறங்கியது. புல்லுக்கு.

அடுத்தது கட்சுபே வீடு. வாயைத் திறந்தேன். இன்னும் பெயரைச் சொல்லவில்லை.

"ஓய்."

இன்னொரு குரல். கிழக் குரல்.

மறுபடி பலகையைத் தூக்கினேன்.

குளத்தின் சேறு தெரிந்தது.

கடைசியாக எங்கள் வீட்டைக் கூப்பிட்டேன். ஷூஹெய்யின் "ஓய்" உரக்க வந்தது. அதோடு ஒட்டி, அதே இடத்திலிருந்து...

இருமல்.

அவன் மேலே ஓடி வந்தான்.

"யாருக்குத் திறந்தீங்க?"

"பதில் சொன்னாங்க."

"யாரு? நான் நம்ம வயலுக்குள்ளதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கலை. பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

அவன் காலிக் குளத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நல்லது பெரியப்பா. ஊரைவிட்டுப் போனவங்களுக்குத்தான் இங்க மரியாதை" என்றான்.

நாற்று அந்த வாரமே கருகியது. டிராக்டரை என் கொட்டகையில் விட்டுவிட்டு ஷூஹெய் போனான். பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. முறைப்படி செய்ததற்கு யாரிடமும் தலைகுனிய மாட்டேன்.

அவன் போன மறுநாள் ஒசாகா போலீஸ் தொலைபேசியில் கூப்பிட்டது. மித்சுவோ தன் அறையில் இறந்து கிடந்தானாம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இறந்தது நான் தண்ணீர் விட்ட நாளை ஒட்டி. சமீபத்தில் அவன் ஊருக்கு வந்தானா என்று கேட்டார்கள். முப்பது வருடமாக வரவில்லை என்றேன்.

பிறகுதான் உடலைப் பற்றிச் சொன்னார்கள்.

அவன் கால்களில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்ததாம். விரலிடுக்கில் நெல் நாற்று.

நுனி கருகிய நாற்று.